பிரசங்க பீடத்தைத் துடைப்பவள்

1963 ஏப்ரல் 22, திங்கள்

தையல் அறையைக் காலி செய்தேன். மெஷினை எங்கள் படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாயிற்று. இனி கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போகவேண்டும். கறுப்பர்களைக் கோர்ட்டில் வாக்காளராகப் பதிவு செய்யவைக்கும் வேலைக்காக மாணவர் சங்கம் அனுப்பும் பெண் நாளை பேருந்தில் வருகிறாள். டெல்ஃபின் மேஹ்யூ. இருபத்து மூன்று வயது, நாஷ்வில்லில் படித்தவள். அவளைத் தங்கவைக்க எங்கள் ஊர் டாலிவரில் யாருக்கும் தைரியம் இல்லை. என் புருஷன் லூஷியஸ்தான் இங்கே போதகர்; நேற்று ஆராதனை முடிவில், "எங்க வீட்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

ஏழாம் வகுப்புக் கட்டுரைகள் இன்னும் திருத்தவில்லை.

ஏப்ரல் 24, புதன்

ஒல்லியான பெண். ஒரு பெட்டி, ஒரே ஒரு நல்ல பாவாடை. காலையில் சோளக்கஞ்சியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "பாஸ்டரம்மா, இப்படி ஒரு கஞ்சி நான் சாப்பிட்டதே இல்ல" என்றாள். அதுவரைக்கும் எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

சாயங்காலம் ஜெபக்கூட்டம். சபையை நிர்வகிக்கும் டீக்கன்மாரில் மூத்தவரான ஸ்டால்வர்த் ஒரு மரியாதைக்காக, "ஊருக்குப் புதுசா வந்த பிள்ளை ரெண்டு வார்த்தை ஜெபிக்கட்டுமே" என்றார். அவள் எழுந்தாள். முதலில் குரலே கேட்கவில்லை. பிறகு மெல்ல ஏறியது. ஏற ஏற, விசிறிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றுபோயின. பக்கத்து வீட்டு சிஸ்டர் லூவினியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். காது சரியாகக் கேட்கவேண்டுமென்றால்தான் அவள் அதைச் செய்வாள். நான் பேசும்போது அவள் ஒருமுறையும் தொப்பியைக் கழற்றியதில்லை. நான் பேசுவதும் வருடத்துக்கு ஒருமுறைதான். பெண்கள் ஞாயிறன்று, கீழே தரையில் நின்று, அறிக்கை வாசிப்பேன்.

வீட்டுக்கு நடக்கும்போது லூஷியஸ், "கேட்டியா வெர்னெல்? தேவ வரம் அது" என்றார்.

கேட்டேன். எனக்கென்ன காது செவிடா?

பதினான்கு வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் சொல்லை அவர் எனக்குச் சொன்னது என் பீச் பழப் பலகாரத்துக்கு மட்டும்தான்.

ஏப்ரல் 25, வியாழன்

இன்று அவளுக்குக் கஞ்சி ஒரு தடவைதான் வைத்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நீதியில்லாத நியாயாதிபதியின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்த விதவையைப் பற்றி லூஷியஸ் பிரசங்கித்தார். சபை கொந்தளித்தது. வாசலில் டீக்கன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரெவரெண்ட், அந்தம்மா தட்டுன கதவு நம்ம கோர்ட்டுக் கதவு மாதிரியே இருந்துச்சு" என்றார்.

அப்படித்தான் இருக்கவேண்டும். அதை அப்படி எழுதியது நான்.

இதில் புதிதாக எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் ஒரு வசனத்தோடு வருவார். நான் "இதை இப்படிச் சொன்னா என்ன?" என்பேன். சனிக்கிழமை ராத்திரிக்குள் அது என்னுடையதாகிவிடும். ஞாயிறு காலையில் மறுபடி அவருடையதாகும். அவருக்கு அந்தக் குரல் இருக்கிறது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே தாழ்த்தவேண்டும் என்று நான் கோடு போட்டிருப்பேன். அது எனக்கு வருத்தம் தந்ததேயில்லை. இதுவரை.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் டெல்ஃபின் அவரோடு சண்டை போட்டாள். சபை சொர்க்கத்தைப் பற்றிப் பேசியே நம் ஆட்களைத் தூங்கவைத்துவிட்டதாம். "செத்தப்புறம் போடுற செருப்பைப் பத்தியே பேசுறீங்க ரெவரெண்ட், இப்ப கால்ல முள்ளு குத்துதே" என்றாள். நான் சொல்லியிருந்தால் முகம் சுருங்கியிருக்கும். அவள் சொன்னதற்கு அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பொரித்த கோழித் துண்டைக் கையில் பிடித்தபடி, சின்னப் பையன் மாதிரி.

அந்தச் சிரிப்பு எங்கே ஒளிந்திருந்தது இத்தனை நாள்?

ஏப்ரல் 30

லூவினியா பக்கத்து வேலியிலிருந்து: "என்ன பாஸ்டரம்மா, வீட்ல இப்பல்லாம் ஒரே சிரிப்புச் சத்தம். ரெவரெண்டுக்கு வயசு குறையுதோ?"

"உனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சேன்" என்றேன்.

"வேண்டாததெல்லாம் நல்லா கேக்கும்."

மே 6, திங்கள்

எழுதவேண்டாமென்று பார்த்தேன். முடியவில்லை.

பர்மிங்ஹாமில் உரிமை கேட்டு ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் போலீஸார் நாயை ஏவினார்கள், தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பத்திரிகையில் படம். என் வகுப்புப் பிள்ளைகளின் உயரம்தான் அவர்களும். நேற்றுச் சாயங்காலம் சபையில் பொதுக்கூட்டம் வைத்தோம். டீக்கன் ஸ்டால்வர்த்தான் முதலில் கதவைத் திறந்துவிடச் சொன்னார். அவருக்கு வெள்ளைக்காரர் தயவு தேவையில்லை. அவர் நடத்துவது பிணம் அடக்கும் கடை, வாடிக்கையாளர் எல்லாரும் நம் ஆட்கள். அந்த விஷயத்தில் அவர் சிங்கம்.

உட்கார இடமில்லாமல் ஜன்னல் வரைக்கும் நின்றார்கள். டெல்ஃபின் பேச எழுந்தபோது பின்னால் இருப்பவர்களுக்கு அவள் தெரியவில்லை. டீக்கனே சொன்னார்: "மேலே ஏறி நின்னு பேசும்மா."

மேலே. பிரசங்க பீடத்தில்.

அவள் ஏறினாள். அப்படியே, அடுக்களைக்குள் போகிற மாதிரி ஏறினாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எலுமிச்சை எண்ணெய் போட்டு நான் அந்தப் பீடத்தைத் துடைக்கிறேன். கையில் துணி இல்லாமல் ஒருநாளும் அங்கே ஏறியதில்லை. "பெண் அங்கே நிற்கக்கூடாது" என்று நான் கல்யாணமாகி வந்த வருடம் என்னிடம் சொன்னதே இதே டீக்கன்தான். கூட்டம் முடிந்ததும் கேட்டேவிட்டேன். "அது ஆராதனைக்குத்தான் பாஸ்டரம்மா. இது வெறும் கூட்டம்தானே" என்றார்.

வெறும் கூட்டம்! அங்கே அழுதவர்கள் எதற்கு அழுதார்கள்? முழங்காலில் நின்றவர்கள் எதற்கு நின்றார்கள்?

என் எரிச்சல் அவள்மேலா, அவர்மேலா, யார்மேல் என்றே தெரியவில்லை.

மே 7, செவ்வாய்

லூஷியஸிடம் கேட்டேன். நேராகவே. "அந்தப் பொண்ணை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

கழற்றின ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "நீ நெனைக்கிற மாதிரி இல்ல" என்றார். பிறகு, "அவ பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் கொறையுது வெர்னெல்" என்றார்.

"உங்களுக்குப் பயமா?"

"தெனமும்."

பதினான்கு வருடமாக ஒரே கட்டிலில் படுக்கிறேன். எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, மில் ரோட்டில் காரில் போகும்போது சொன்னாராம். இதற்குப் பதில் அவளைக் கட்டிப்பிடித்தேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு என்ன செய்யவேண்டுமென்று தெரிந்திருக்கும்.

மே 9, வியாழன்

அவளுடைய நல்ல பாவாடையை இஸ்திரி போடுகிறேனென்று வாங்கினேன். இடுப்புப் பக்கம் தீய்ந்துவிட்டது. இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டது என்று சொன்னேன். சூடாவது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவள் கோபப்படவேயில்லை. "சட்டையை வெளியே விட்டா மறைஞ்சிரும்" என்று சிரித்தாள். அதற்கப்புறம் நான் போய் என் நீலப் பாவாடையை அவள் இடுப்புக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கவேண்டியதாயிற்று. வேறென்ன செய்வது?

தைக்கும்போது பேச்சு வந்தது. பீடத்தில் நிற்க எங்கே கற்றாய் என்று கேட்டேன். அப்பா போதகராம். சின்ன வயதிலிருந்து அவரைப் போலவே பேசிக் காட்டுவாளாம். "குரலை எங்க ஏத்தணும், எங்க அழணும்னு எனக்குத் தெரியும். ஆனா உள்ள விசுவாசம் இருக்கான்னு கேட்டீங்கன்னா, சில நாள் இருக்கு, பல நாள் இல்ல. உங்ககிட்ட மறைக்க விரும்பல பாஸ்டரம்மா."

ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

எனக்குக் கிடைக்காததை அவள் இரவல் குடை மாதிரி வைத்திருக்கிறாள். மழை விட்டால் எங்கேயாவது வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆண்டவரே, இது என்ன நியாயம்? கேட்டவளுக்கு இல்லை, கேட்காதவளுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறீர்.

மே 12, அன்னையர் ஞாயிறு

அம்மா உயிரோடு இருப்பவர்களுக்குச் சிவப்புப் பூ, இல்லாதவர்களுக்கு வெள்ளை. நான் வெள்ளை. டெல்ஃபினுக்குச் சிவப்பு, அதைக்கூட எண்ணிப் பார்த்தேன். என் புத்தி எங்கே போய்விட்டது பார்.

ஆராதனை முழுவதும் அப்பா ஞாபகம். எனக்குப் பதினான்கு வயது. பருத்திக் காட்டில் ஒரு சாயங்காலம், யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. இரண்டு தடவை. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன், பிரசங்கம் பண்ண ஆண்டவர் என்னைக் கூப்பிடுகிறார் என்று. அப்பாவும் போதகர்தான். தாடியைத் தடவிக்கொண்டு, "கூப்பிட்டது உண்மைன்னா, ஒரு போதகருக்குப் பொண்டாட்டியா இருக்கத்தான் கூப்பிட்டிருப்பார்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால் நம்பிவிட்டேன்.

இப்போது தெரிகிறது. என் புருஷனை அவள் எடுத்துக்கொள்வாள் என்று நான் பயப்படவில்லை. அவள் நிற்கும் இடத்தில் நான் நிற்கவேண்டும். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

மே 16, வியாழன்

தலைமையாசிரியர் எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: பதிவுக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்கும் ஆசிரியருக்கு அடுத்த வருடம் வேலை இருக்காது. மேலிடத்து உத்தரவு. சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்களன்று சபையார் பதிவுக்குப் போவதாக ஏற்பாடு. வீட்டில் இதைச் சொன்னதும் லூஷியஸ், "நீ வரவேண்டாம் வெர்னெல். உன் சம்பளத்துலதான் வீடு ஓடுது" என்றார். டெல்ஃபினும் அன்பாகவே சொன்னாள்: "ஆமா, நீங்க வீட்ல இருங்க. நாங்க திரும்பி வரும்போது யாராவது சமைச்சு வைக்கணும்ல?"

யாராவது!

மே 19, ஞாயிறு

நாளை நானும் போகிறேன். ஆண்டவருக்காகப் போகிறேன், பிள்ளைகளுக்காகப் போகிறேன் என்று எழுத ஆசை. பொய் எழுதி யாரை ஏமாற்ற? அவள் போகிறாள். அதனால் போகிறேன்.

மே 28, செவ்வாய்

நேற்றுதான் ஜாமீனில் விட்டார்கள். ஒரு வாரமாயிற்று. வெந்நீரில் குளித்தேன். உடம்பிலிருந்து இன்னும் அந்த வாடை போகவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திங்களன்று கோர்ட்டுப் படிகளில் வரிசையாக நின்றோம். பதிவு அலுவலர், வெள்ளைக்காரர்களின் பாப்டிஸ்ட் சபையில் அவரும் ஒரு டீக்கன். முந்தின நாள் தன் சபையில் நற்கருணை அப்பமும் திராட்சரசமும் பரிமாறியவர். ஜன்னலுக்குப் பின்னால் காகிதங்களை அடுக்கிக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது நாங்களும் பாடுகிற பாட்டு. என் முறை வந்தது. சட்டத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து விளக்கச் சொன்னார். விளக்கினேன். "இன்னும் தெளிவா வேணும்" என்றார். மறுபடி விளக்கினேன், ஏழாம் வகுப்புக்குச் சொல்வது போல. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் ஷெரீப் வந்து நடைபாதையை மறிக்கிறோம் என்று சொல்லி எல்லாரையும் வண்டியில் ஏற்றினார்.

பெண்கள் பதினோரு பேர் ஓர் அறையில். நடுவில் செங்கல் சுவர், அந்தப் பக்கம் ஆண்கள். மேலே கம்பி போட்ட ஒரு திறப்பு. அதன் வழியாகச் சத்தம் மட்டும் போகும். முதல் இரண்டு நாள் டெல்ஃபின்தான் எங்களை நிமிர வைத்தாள். பாடினாள், ஜெபித்தாள், லூவினியாவின் வீங்கின காலைப் பிடித்துவிட்டாள். நான் மூலையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயிலுக்கு வந்தும் நான் இரண்டாவது ஆள்தான்.

புதனன்று அவளை மட்டும் விசாரணைக்கென்று வெளியே கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான்.

ஞாயிறு காலை. சதுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைக்காரர்களின் கோயில். ஆர்கன் சத்தம் உள்ளே வரைக்கும் வந்தது. அந்தப் பக்கத்துச் சிறையில் லூஷியஸ் ஆரம்பித்தார்: "அன்பான சபையே…" அந்தக் குரல். எல்லாரும் நிமிர்ந்தோம். அவர் நிறுத்தினார். மறுபடி, "அன்பான சபையே…" அதற்கு மேல் வரவில்லை. எனக்கு மட்டும் காரணம் தெரியும். இந்த வாரம் அவருக்கு ஒரு சனிக்கிழமை இல்லை.

எல்லாரும் டெல்ஃபினைப் பார்த்தார்கள். அவள் தலையை அசைத்தாள், முடியாதென்று.

எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல. சந்தோஷம். அவளால் முடியவில்லை என்ற சந்தோஷம். அடிபட்ட பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

லூவினியாதான் சொன்னாள்: "பாஸ்டரம்மா, நீங்களாவது எதையாச்சும் சொல்லுங்க. இப்படி வாயைப் பொத்திக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை போனா எனக்குத் தாங்காது." சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துத் தேடினாள், கழற்றத் தொப்பி இல்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஆகாரைப் பற்றி ஆரம்பித்தேன். எஜமானியின் புருஷனுக்குப் பிள்ளை பெற்று, அந்த வீட்டிலிருந்து வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட அடிமைப்பெண். எத்தனையோ வருடமாக எனக்குள் வைத்திருந்த பிரசங்கம் அது. லூஷியஸுக்குக்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தேன், ஏனென்றால் ஆகார் நான்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் பாதி வழியில் டெல்ஃபினின் முதுகு கண்ணில் பட்டது. என் நீலப் பாவாடை, இடுப்பில் நான் பிடித்துத் தைத்த தையல். நாக்கு தானாகவே திரும்பிவிட்டது. "நம்ம எல்லாரும் ஆகாரைப் பத்தியே பேசுறோம். நான் அவளைத் துரத்துன எஜமானி சாராளைப் பத்திப் பேசணும்" என்றேன். கூடாரம் அவளுடையது, புருஷன் அவளுடையவன், தேவன் கொடுத்த வாக்குத்தத்தமும் அவளுடையது. இருந்தும் வயிறு எரிந்தது. எங்கே தன் பங்கு குறைந்துவிடுமோ என்று இன்னொருத்தியை வெளியே தள்ளினாள். "அதோ, எதிர்ல ஆர்கன் வாசிக்கிறாங்களே, அவங்களும் சாராள்தான். கூடாரத்துக்கு வெளிய நம்மை நிறுத்தினது பலத்தால இல்ல, பயத்தால. ஆனா தேவன் அன்னைக்குக் கூடாரத்துக்குள்ள போகல. வனாந்தரத்துக்குப் போனார். துரத்தப்பட்டவளோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்."

அதற்கு மேல் என்ன சொன்னேனென்று எனக்கே சரியாக நினைவில்லை. கோடு போட்டு எழுதியது அல்ல.

முடிக்கும்போது டெல்ஃபின் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். எங்கே அழவேண்டும் என்று தெரிந்து அழுகிற அழுகையல்ல.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டீக்கன் ஸ்டால்வர்த்தின் குரல்: "ரெவரெண்ட், அங்க பிரசங்கம் பண்றது யாரு?"

காலடிச் சத்தம் சுவருக்குப் பக்கத்தில் வந்தது.

"என் மனைவி" என்றார் லூஷியஸ். "பதினாலு வருஷமா நீங்க கேட்டுட்டிருக்கிறதும் அவளைத்தான், டீக்கன்."

மே 30, வியாழன்

தலைமையாசிரியர் வாசல் வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். வேலை போயிற்று. உள்ளே வந்து ஒரு டம்ளர் தேநீர் குடியுங்கள் என்றேன். முடியாதென்று தலையாட்டினார். பாவம், அவர் வண்டியை யாராவது பார்த்துவிடுவார்கள்.

ஜூன் 2, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அவர் வசனத்தோடு வரவில்லை. சனிக்கிழமை தானே எழுதினார். இன்று பேசினார். திக்கினார். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜனங்கள் மரியாதையாக ஆமென் சொன்னார்கள். பிறகு வாசலில் எல்லாரும் அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்கள். "பாஸ்டரம்மா, ஜெயில்ல நீங்க பேசினது…" என்று.

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.

ஜெயிலில் அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்னவர்தான். சொல்வது ஒரு நிமிடம். அதோடு வாழ்வது வேறு.

ஜூன் 5, புதன்

டெல்ஃபின் போகிறாள், பக்கத்து மாவட்டத்துக்கு. கண் சரியாகிவிட்டது. பேருந்து நிலையத்தில், "அந்தப் பாவாடையை நீங்க வேணும்னேதான் தீச்சீங்க, இல்ல?" என்றாள்.

"ஆமா."

"எனக்கு அன்னைக்கே தெரியும். எங்கம்மாவும் இஸ்திரிப்பெட்டியாலதான் கோபப்படுவாங்க." கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என்னைவிட உங்களுக்கு நல்லா வருது. அது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, சொல்லிட்டேன்."

நீலப் பாவாடையைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

டீக்கன்மார் கூடினார்கள். பீடத்தில் நான் பேசலாமா என்று வாக்கெடுத்தார்கள். கூடாது. டீக்கன் ஸ்டால்வர்த்தே வீட்டுக்கு வந்து சொன்னார், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு. "ஜெயில் வேற, சபை வேற பாஸ்டரம்மா. உங்க பிரசங்கத்தைக் கேட்டு நானும் அழுதேன். ஆனா கையைத் தூக்க முடியல."

"வாக்குரிமைக்காக ஜெயிலுக்குப் போனீங்க டீக்கன். அந்தக் கூட்டத்துல எனக்கு வாக்கு இருந்துச்சா?" என்றேன்.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

லூஷியஸ் எனக்காகக் கை தூக்கினாராம். அதை அவர் சொல்லவில்லை. லூவினியாதான் வேலியில் சொன்னாள்.

ஜூலை 21, ஞாயிறு

மில் ரோட்டுக்கு அப்பால் ஒரு சின்னச் சபை. அவர்களுடைய போதகரை மிரட்டி ஊரைவிட்டு விரட்டிவிட்டார்கள். ஆராதனை நடத்த ஆளில்லை. ஜெயிலில் எங்களோடு இருந்த இரண்டு பெண்கள் அந்தச் சபைக்காரர்கள். என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். லூஷியஸை அல்ல.

இன்று மூன்றாம் வாரம். அவர் காலை ஆராதனையை முடித்துவிட்டு என்னைக் காரில் கூட்டிப்போகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். முதல் வாரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் ஜன்னலைப் பார்த்தார். இன்று நடுவில் ஒரு இடத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, "ஆமென்" என்றார். நான் அடுத்த வாக்கியத்தை மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களை மேசையில் வெள்ளைக் காகிதத்தோடு உட்கார்ந்தார். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். உதவிக்குப் போகவில்லை, இப்போதெல்லாம் போவதில்லை. வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினார்.

"வெர்னெல், அடுத்த வாரம் பொறாமையைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

பட்டாணிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"முதல்ல உங்களோடதைச் சொல்லுங்க" என்றேன். "அப்புறம் நான் என்னோடதைச் சொல்றேன்."